நிவாரணக் கஞ்சியும் உரிமைக் கூலியும்

(பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் பணியாற்றும் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போர்க்காலத்தில் அகதிகளாக்கப்பட்ட பெண்களுக்கு வேலை அளிக்கும் நிவாரணப் பணி குறித்துப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். இது எங்கோ தொலைவிலுள்ள நாடுகளின் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் சித்தூர், கொழிஞ்சாம்பாறையிலிருந்தும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலையிலிருந்தும் வந்து இங்கே அமர்ந்திருப்போரில் பலரது குடும்ப வரலாறே பஞ்சத்தாலும் போராலும் ஒப்பந்தங்களாலும் இடம்பெயர்க்கப்பட்ட உழைப்பாளிகளின் வரலாறுதான். எனவே நம்மைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

வீடிழந்து வரும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது கஞ்சி. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அடுத்து வேண்டியது வேலை. இங்கேதான் கேள்வி எழுகிறது. அந்த வேலையை யார் தருகிறார்கள்? என்ன கூலிக்கு? அந்த வேலை போனால் குடியிருக்கும் கூரையும் போய்விடுமா? கூலி குறைந்தால் அவள் எழுந்து கேட்க முடியுமா? நிவாரணம் என்ற பெயரில் தரப்படும் வேலை பெண்ணைத் தலைநிமிரச் செய்யலாம். மலிவான உழைப்பாக அவளைக் கட்டியும் போடலாம். இரண்டில் எது நடக்கும் என்பதைக் கொடுப்பவரின் நல்லெண்ணம் தீர்மானிப்பதில்லை. கூலி, குடியிருப்பு, குடியுரிமை, சங்கம் என்னும் நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இன்று நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இதற்கான சான்றுகளை வரலாற்றிலிருந்து எடுத்துவைக்கிறேன்.

1877: ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும்

தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டிமார்கள் மறக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம் வறண்டது. பிரிட்டிஷ் அரசு நிவாரண வேலைகளைத் தொடங்கியது. பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அவ்வாறு வெட்டப்பட்டதே. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று நிர்ணயித்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. இந்த அளவு உயிரைக் காக்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளர்கள் வேலையைப் புறக்கணித்து வெளியேறினார்கள். பட்டினியின் விளிம்பில் நின்றவர்களும் கூலிக்காகப் போராட முடியும் என்பதை அவர்கள் காட்டினார்கள்.

அதே 1877ஆம் ஆண்டு ஜூலையில்தான் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். கீழே சமவெளியில் கஞ்சிக்கு வழியில்லாமல் மக்கள் அலைந்தார்கள். மேலே மலையில் காடு வெட்டக் கைகள் தேவைப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னால் மூணாறுக்கும், கடல் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்கும் சென்றவர்களைத் துரத்தியது வறுமையும் பஞ்சமும்தான். பஞ்ச நிவாரணத்தில் நிர்ணயமான அரைவயிற்றுக் கூலி, தோட்டத்தில் நிரந்தரக் கூலியின் அளவுகோலாக மாறியது என்று சொன்னால் மிகையாகாது.

1942-43: போர் வங்கத்துக்கு வந்தபோது

இரண்டாம் உலகப் போரில் 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர்கள் தப்பியோடினார்கள். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் காட்டிலேயே மாண்டார்கள். பர்மா அரிசியும் நின்றது. பர்மா அரிசியை நம்பியிருந்த மலபாரும் கொச்சியும் திருவிதாங்கூரும் திணறின. அன்று பாலக்காடு மலபாரில், சித்தூர் கொச்சியில், இடுக்கி மலைகள் திருவிதாங்கூரில் இருந்தன. மூன்று ஆட்சிகள், மூன்றிலும் ஒரே பசி.

மிகக் கொடிய அடி வங்கத்தின் மீது விழுந்தது. ஜப்பானியர் வந்தால் பயன்படுத்தக்கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளை அரசு பறிமுதல் செய்தது. மீனவரும் குயவரும் சிறு வணிகரும் பிழைப்பை இழந்தனர். 1942 அக்டோபரில் மேதினிப்பூரைப் புயல் சூறையாடியது. இராணுவத்துக்கும் போர்த் தொழிற்சாலைகளுக்கும் அரிசி திரட்டப்பட்டது. பதுக்கல்காரர்கள் விலையைப் பன்மடங்கு ஏற்றினார்கள். அரசு பஞ்சம் என்று அறிவிக்கவேயில்லை. பஞ்ச விதித்தொகுப்பும் நடைமுறைக்கு வரவில்லை. அரசு அமைத்த விசாரணை ஆணையமே 15 லட்சம் பேர் இறந்ததாக 1945இல் கூறியது. பிந்தைய ஆய்வாளர்கள் பலர் 30 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள்.

இந்தப் பஞ்சத்தில் பெண்களுக்கு நேர்ந்ததைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிறர் வீட்டு நெல்லை உலக்கைப் பொறியில் குத்திக் கொடுத்துக் குருணை பெறுவதே வங்கத்தின் ஏழைப் பெண்களுக்கிருந்த முக்கியமான கூலி வேலை. நெல் கிராமத்தை விட்டுப் போனதும் அந்த வேலையும் போயிற்று. பாத்திரம் விற்றார்கள், நகை விற்றார்கள், கால்காணி நிலத்தை விற்றார்கள். கணவன்மார் வேலை தேடிப் போய்த் திரும்பவில்லை. குழந்தைகளோடு கல்கத்தா வந்து சேர்ந்த பெண்கள் வீட்டு வாசல்களில் சோறு கேட்கவில்லை, வடித்த கஞ்சித் தண்ணீரைக் கேட்டார்கள். 1943 அக்டோபரில் அரசு ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பதுக்கல்காரரைப் பிடிக்க அன்று. தெருவில் கிடந்த ஆதரவற்றோரைப் பிடித்து நகருக்கு வெளியே அனுப்புவதற்கு.

இருவகை வேலை

அந்த நாட்களில் பசித்த பெண்களுக்கு இரண்டு வகையான வேலைகள் கிடைத்தன. இந்த வேறுபாட்டை நாம் மனதில் பதிக்க வேண்டும்.

ஒன்று, போர் தந்த வேலை. விமானத் தளங்களுக்கும் இராணுவச் சாலைகளுக்கும் கல் உடைக்கவும் மண் சுமக்கவும் ஒப்பந்தக்காரர்கள் பெண்களை அழைத்துச் சென்றார்கள். பட்டினியைச் சாதகமாக்கிக்கொண்டு அவர்களை விலைபேசும் தரகர்களும் உடன் வந்தார்கள். சுரங்கத்தின் அடியில் பெண்கள் வேலை செய்வது 1930களின் இறுதியில் தடை செய்யப்பட்டிருந்தது. போருக்கு நிலக்கரி போதவில்லை என்று 1943இல் அத்தடையை அரசு நீக்கியது. நாடெங்கும் மாதர் அமைப்புகள் கண்டித்தன. போர் முடிந்த பின், 1946 பிப்ரவரியில்தான் தடை மீண்டும் வந்தது. பெண்களின் பசி, அரசுக்கு ஒரு மூலப்பொருளாகப் பயன்பட்டது.

மற்றொன்று, பெண்கள் தாமே அமைத்துக்கொண்ட வேலை. 1942இல் வங்கத்தில் மகிளா ஆத்மரக்ஷா சமிதி, அதாவது பெண்கள் தற்காப்புச் சங்கம், உருவாயிற்று. எலா ரீட், மணிகுந்தலா சென், ரேணு சக்கரவர்த்தி, கனக் முகர்ஜி போன்ற கம்யூனிஸ்டுப் பெண்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். மக்கள் யுத்தம் என்ற கட்சியின் அன்றைய நிலைப்பாட்டை ஏற்காத பெண்கள் பலரும் அதில் இணைந்து உழைத்தார்கள். பசியின் முன்னே கட்சி வேற்றுமையை வாசலில் விடச் சொன்ன அமைப்பு அது.

சமிதி கஞ்சி ஊற்றுவதிலிருந்து தொடங்கவில்லை. 1943 மார்ச் 17 அன்று ஏறத்தாழ 5,000 பெண்கள், இந்துக்களும் முஸ்லிம்களும், கல்கத்தாவில் சட்டமன்றத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்று நியாய விலையில் அரிசி கேட்டார்கள். உரிமைக் குரல் முதலில் வந்தது. அதன் பிறகே கஞ்சித்தொட்டிகளும், குழந்தைகளுக்கான பால் மையங்களும், ஆதரவற்ற பெண்களுக்கான இல்லங்களும், கைத்தொழில் மையங்களும் வந்தன. தரகர்களிடம் சிக்கிய பெண்களை மீட்பதும் சமிதியின் வேலையாயிற்று. மீட்கப்பட்ட பெண்ணுக்குத் திரும்பிப் போக வீடில்லை, ஏற்றுக்கொள்ளச் சமூகமில்லை. கையில் தொழிலும் சொந்தமாகச் சம்பாதித்த காசும் இருந்தால்தான் அவள் மறுபடி சந்தைக்கு இழுக்கப்படமாட்டாள் என்பதைச் சமிதி அனுபவத்தில் கண்டது. 1944இல் தொடங்கப்பட்ட நாரி சேவா சங்கமும் இதே தேவையிலிருந்து பிறந்ததுதான்.

ஒரு சங்கத்தின் தையல் மையங்களும் நெசவுக் கூடங்களும் லட்சக்கணக்கானோருக்கு வேலை தந்துவிட முடியாது. எனவே அவற்றை நடத்திக்கொண்டே பங்கீட்டுமுறைக்காகவும் விலைக் கட்டுப்பாட்டுக்காகவும் அரசோடு போராட வேண்டியிருந்தது. 1944ஆம் ஆண்டுக்குள் சமிதியின் உறுப்பினர்கள் 40,000 பேரைத் தாண்டினார்கள். 1946இல் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவனுக்கே என்று தெபாகா இயக்கம் எழுந்தபோது, கிராமங்களில் உலக்கையும் விளக்குமாறும் ஏந்திப் போலீசை எதிர்கொண்ட பெண்கள் திடீரென வானத்திலிருந்து குதித்து வரவில்லை. பஞ்ச காலத்தில் ஊர் ஊராகச் செய்த வேலை அதற்கு நிலத்தைப் பண்படுத்தியிருந்தது. கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றவளை முடிவெடுக்கும் குழுவில் உட்காரவைப்பதே நிவாரணப் பணியின் வெற்றி.

ஒப்பந்தம் துரத்தியவர்கள்

இப்போது நம் மலைகளுக்கு வருவோம்.

1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைப் பேசியது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதிப் பேர் பின்னர் என்று பிரித்தார்கள். தேயிலையைக் கிள்ளிய பெண்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலேறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களை அரசு 'தாயகம் திரும்பியோர்' என்றது. தாங்கள் பிறந்திராத தாயகத்துக்கு அவர்கள் திரும்பினார்கள்!

இவர்களுக்கு வேலை தரவே தமிழ்நாட்டில் 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976இல் அது 'டான்டீ' நிறுவனமாயிற்று. கேரளத்தில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனமாக மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் 1976இல் உருவாகி, குளத்தூப்புழையிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் பயிரிட்டது. 1975இல் அமைந்த கேரள வன வளர்ச்சிக் கழகம் கவியில் ஏலத் தோட்டம் அமைத்து இம்மக்களைக் குடியேற்றியது. வண்டிப்பெரியாற்றிலிருந்து காட்டுவழியே போனால் கவி வரும். இன்று அங்கே சுற்றுலா வருவோர் பனிமூட்டத்தைப் படமெடுக்கிறார்கள். அந்த ஏலச் செடிகளைக் குனிந்து நட்ட பெண்களின் கதையை எத்தனை பேர் கேட்கிறார்கள்?

இந்த ஏற்பாட்டின் சிறப்பை நாம் மறுக்கக்கூடாது. அரசே தோட்டம் அமைத்தது; வேலை நிரந்தரமானது; தொழிற்சட்டம் பொருந்தியது; சங்கம் வைக்க முடிந்தது; குடியுரிமைச் சான்றும் கையில் இருந்தது. தனியார் கங்காணியிடம் விடப்பட்டவர்களைவிட இவர்கள் நிலை மேலானது. ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. ஓய்வு பெறும் நாளில் லயத்தையும் விட வேண்டும் என்பது தோட்டத்தின் எழுதாத விதி. 2022இல் டான்டீ நிறுவனத்தின் 2,000 ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பி ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு முடிவு செய்தபோது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அகதிக் கப்பலில் வந்த குடும்பங்கள் மீண்டும் எங்கே போவது என்று கேட்க வேண்டியதாயிற்று. மறுவாழ்வு என்று தொடங்கிய திட்டத்தில் மறுவாழ்வு பெற்றவருக்கு ஒரு சென்ட் நிலம் சொந்தமில்லை என்றால், அது யாருடைய மறுவாழ்வு?

வீடு சொந்தமில்லாததன் விலை என்னவென்று இடுக்கித் தோழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேரை இழந்தோம். எங்கே குடியிருப்பது என்று தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு ஒருபோதும் இருந்ததில்லை.

போர் துரத்தியவர்கள்

1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு வந்தவர்கள் வேறொரு பெயர் பெற்றார்கள்: அகதிகள். 1983 முதல் போர் முடிந்த காலம் வரை 3 லட்சத்துக்கும் அதிகமானோர் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தனர். இவர்களில் ஒரு பகுதியினர் மலையக வம்சாவளியினரே. 1977 வன்முறையில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்குச் சென்று, அங்கிருந்தும் போரால் துரத்தப்பட்டவர்கள் அவர்கள். 1984இல் கப்பல் போக்குவரத்து நின்றுபோகாதிருந்தால், ஒப்பந்தத்தின்படி இந்தியக் குடிமக்களாக வந்திருக்க வேண்டிய குடும்பங்களும் இவர்களில் உண்டு.

ஒரே தோட்டத்தில் பிறந்த இரு சகோதரிகளை எண்ணிப்பாருங்கள். 1975இல் கப்பலேறிய அக்காள் குடிமகள், தோட்டத் தொழிலாளி, சங்க உறுப்பினர். 1990இல் படகேறிய தங்கை அகதி. முகாமில் வருகைக் கணக்குக் கொடுக்க வேண்டியவள். இருவர் கைகளும் ஒரே வேலையைத்தான் அறியும். ஆனால் தங்கையின் கூலி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஏமாற்றினால் அவள் காவல் நிலையம் போகமாட்டாள் என்பது முதலாளிக்குத் தெரியும்.

முகாம்களில் நல்ல முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1984இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிப் பெண்களையே நலவாழ்வுத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. சத்துக்குறைவைப் போக்க ஸ்பைருலினா பாசி வளர்க்கும் வேலையையும் அவர்களிடம் கொடுத்தது. தமிழ்நாடு அரசு 2021இல் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றி, வீடுகளையும் உதவித்தொகையையும் மேம்படுத்தியது. இவற்றை வரவேற்கிறோம். ஆனால் பெயர் மாறினால் போதாது. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. 2019இல் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் மதத்தை அளவுகோலாக வைத்ததோடு, இலங்கையை முற்றிலும் ஒதுக்கிவிட்டது. இந்திய வம்சாவளி அகதிகளின் கோரிக்கையைக் கனிவோடு பரிசீலிக்க வேண்டும் என்னும் கருத்தை அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வெளிப்படுத்தியது. அரசின் மனம் அசையவில்லை.

உலக அளவிலும் பாடம் இதுவே. பாலஸ்தீன அகதிகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 1949இல் அமைத்த முகமையின் பெயரிலேயே நிவாரணத்தோடு 'பணிகள்' என்ற சொல்லும் உண்டு. காசாவின் அகதிப் பெண்கள் 1950 முதல் அந்த முகமையின் திட்டத்தில் பூத்தையல் செய்து குடும்பம் காத்தார்கள். தலைமுறைகள் கடந்தன, ஊசி கையில் இருந்தது, ஊர் கையில் இல்லை. 2024 அக்டோபரில் இஸ்ரேலிய நாடாளுமன்றம் அந்த முகமையையே தடை செய்யச் சட்டம் இயற்றியது. அரசியல் உரிமை இல்லாத நிவாரணத்தை ஒரே நாளில் பறித்துவிட முடியும்.

நமது கடமைகள்

தோழர்களே, இவற்றிலிருந்து நம் கிளைகளுக்கான வேலை தெளிவாகிறது.

முதலாவது, கணக்கெடுப்பு. நம் தோட்டங்களிலும் காலனிகளிலும் தாயகம் திரும்பிய குடும்பங்கள் எத்தனை, எவரிடம் சான்றுகள் உள்ளன, எவரிடம் இல்லை, ஓய்வு பெற்றபின் வீடில்லாத பெண்கள் யார் என்பதை ஒவ்வொரு கிளையும் வீடு வீடாகச் சென்று எழுத வேண்டும். பட்டியல் இல்லாத கோரிக்கை மேடையோடு முடிந்துவிடும்.

இரண்டாவது, வீட்டுரிமை. ஓய்வு பெறும் தொழிலாளிக்கு, கணவன் மனைவி இருவர் பெயரிலும், தனித்து வாழும் பெண்ணாயின் அவள் பெயரிலேயே, பாதுகாப்பான இடத்தில் நிலமும் வீடும் வேண்டும் என்ற கோரிக்கையைத் தனியார் தோட்டத்திலும் பொதுத்துறைத் தோட்டத்திலும் ஒன்றாக எழுப்ப வேண்டும்.

மூன்றாவது, எல்லை தாண்டி உழைப்போர். கம்பம், போடி, உத்தமபாளையம் பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் அடைந்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் வந்து போகும் பெண்களுக்கு இரு மாநிலங்களிலும் கேட்பாரில்லை. 2020இல் பொதுமுடக்கத்தால் எல்லை மூடப்பட்டபோது அவர்களது அடுப்பும் அணைந்தது. தேனி மாவட்டத் தோழர்களும் இடுக்கித் தோழர்களும் சேர்ந்து ஒரே கூலி, ஒரே பதிவு, பாதுகாப்பான பயணம் என்று கூட்டாகப் பணியாற்ற வேண்டும். முகாமிலிருந்து வரும் பெண்ணும் இதில் அடக்கம். குறைந்தபட்சக் கூலி வேலைக்கு உரியது. வேலை செய்பவரின் நாட்டைக் கேட்டுத் தரப்படுவதன்று. நம் சங்கத்தில் சேர வருபவளிடம் குடியுரிமைச் சான்று கேட்க நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

நான்காவது, பெண்களின் தலைமை. 2015 செப்டம்பரில் மூணாறில் ஆயிரக்கணக்கான தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலிக்காகவும் சாலையில் அமர்ந்தபோது, நிர்வாகத்தை மட்டுமல்ல, தொழிற்சங்கங்களையும் சேர்த்தே கேள்வி கேட்டார்கள். 232 ரூபாயாக இருந்த நாள்கூலி அந்தப் போராட்ட அலையின் பின் 301 ரூபாயாக உயர்ந்தது. பெரும்பான்மைத் தொழிலாளர் பெண்களாக இருக்கும் துறையில் பேச்சுவார்த்தை மேசையில் ஆண்களே அமர்ந்திருந்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. அதற்குக் கோபம் பதிலாகாது. பொறுப்புகளைப் பெண்களிடம் ஒப்படைப்பதே பதில்.

இனியும் பேரிடர்கள் வரும். மலை சரியும், வெள்ளம் வரும், போர்களும் மக்களைத் துரத்தும். அப்போது நம் தோழர்கள் வழக்கம்போல் அரிசி மூட்டையோடு முதல் ஆளாக நிற்பார்கள். அது நம் பெருமை. ஆனால் அரிசியைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் முன், அதைப் பெற்றுக்கொண்ட பெண்களில் பாதிப் பேராவது நிவாரணக் குழுவில் இருக்கிறார்களா, அங்கே தரப்படும் வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான சட்டக் கூலி உண்டா, அந்தப் பெண்ணின் பெயரில் குடியிருக்க ஓர் இடம் எழுதப்படுகிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்புங்கள். பதில் இல்லையென்றால், நம் வேலை அங்கே இன்னும் முடியவில்லை என்று பொருள்.